வாடல் நோய்க்குச் செல்போன் வைத்தியம்

பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்துத் தென்னை விவசாயிகளுக்கு ஒரு கவலை தீர்வதற்குள் மறு கவலை வந்து சேர்ந்தது. 2016-ல் சுருள் வெள்ளை ஈ வந்தது. அதன் தொல்லை ஓய்வதற்குள், கேரள வாடல் நோய் என்று சொல்லப்படும் வேர் வாடல் நோய் தோப்புகளில் வேகமெடுத்தது. ஓலைகள் வலுவிழந்து, விலா எலும்பு போல உள்நோக்கி வளைகின்றன. அடி ஓலை பழுக்கிறது. ஓரம் கருகுகிறது. குலை சிறுக்கிறது, காய் குறைகிறது. தேங்காய் விலை ஏறும் காலத்தில் மரத்தில் காய் இல்லாமல் போவதைவிட வேதனை ஒரு தோப்புக்காரருக்கு இல்லை.

இந்த வேதனையை மோப்பம் பிடித்ததுபோலச் செல்போனில் வைத்தியர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். "வாடல் நோய்க்கு நிரந்தரத் தீர்வு", "60 நாளில் மரம் தேறும்", "வேரில் கட்டினால் போதும்" என்று வாட்ஸ்அப்பிலும் யூடியூப்பிலும் படங்கள் சுற்றுகின்றன. பார்த்தவர் அடுத்த தோப்புக்காரருக்கு அனுப்புகிறார். அனுப்புகிறவர் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறார். ஆனால் கடைசியில் இரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருப்பவர் 140 மரத்துக்கும் பாட்டில் வாங்குகிறார். மரத்துக்கு 100 ரூபாய் என்று வைத்தாலும் 14,000 ரூபாய். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பாட்டிலை நம்பி, வெட்ட வேண்டிய மரத்தை வெட்டாமல் நிறுத்தி வைப்பதுதான் பெரிய கேடு. அந்த மரத்திலிருந்து நோய் பக்கத்துத் தோப்புக்குப் போகிறது.

ஆகவே, செல்போனில் வரும் செய்தியை எப்படி எடை போடுவது என்பதை விவசாயிகள் யோசிக்க வேண்டியிருக்கிறது. பருத்தி எடை போடும்போதும் தேங்காய் எண்ணும்போதும் காட்டுகிற கறாரை இதிலும் காட்டினால் போதும்.

140 ஆண்டுப் பழைய நோய்

வேர் வாடல் நோய் புதிதாக முளைத்ததல்ல. 1882-ல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து போனபின், கோட்டயத்தை அடுத்த ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் இது முதலில் கண்டறியப்பட்டதாக வரலாறு சொல்கிறது. இந்த நோய்க்காகவே காயங்குளத்தில் ஆராய்ச்சி நிலையம் வைத்துத் தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள் பாடுபட்டார்கள். பூசணம் என்றார்கள், பாக்டீரியா என்றார்கள், சத்துக் குறைவு என்றார்கள். பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர்தான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. அது மரத்தின் சாற்றுக் குழாய்க்குள் குடியிருக்கிறது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகின்றன. இவ்வளவு தெரிந்த பிறகும், நோய் வந்த மரத்தை முழுவதும் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பதே ஆராய்ச்சி நிலையங்கள் இன்றும் சொல்லும் பதில்.

140 ஆண்டாக ஆராய்ந்தவர்கள் கைவிரித்த நோய்க்கு, ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து 60 நாளில் மருந்து கண்டேன் என்கிறார். அப்படி ஒரு மருந்து மெய்யாகவே கிடைத்திருந்தால் காயங்குளமும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அல்லவா அதை முதலில் வாங்கிப் பரிசோதித்திருக்கும்? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் படங்கள் கழன்றுவிடும்.

மீதிப் பாதி அவ்வளவு சுலபமாகக் கழலாது. ஏனென்றால் அவற்றில் பொய் இல்லை. சொல்வது மெய்தான், சொல்லப்படும் நோய்தான் வேறு.

ஒரே பெயர், இரண்டு நோய்

தென்னையில் "வாடல்" என்று இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று மேலே சொன்னது. மற்றொன்று தஞ்சாவூர் வாடல், அதாவது அடித்தண்டழுகல். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் தலைகாட்டியதால் அந்தப் பெயர். அது கானோடெர்மா என்ற பூசணத்தால் வருவது. அடிமரத்தில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும். வேர் அழுகும். கவனிக்காமல் விட்டால் மரமே சாகும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, ஒரு சத போர்டோ கலவை 40 லிட்டர் வேர்ப்பாகம் நனைய ஊற்றுவது, பூசணக்கொல்லியை வேர் மூலம் ஊட்டுவது என்று பல்கலைக்கழகமே சிபாரிசு செய்திருக்கிறது.

பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் மரம் பிழைத்ததைப் படம் பிடித்து, "தென்னை வாடல் நோய் குணமானது" என்று போட்டால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்து ஆனைமலைக்காரர் தம் மரத்துக்குப் பூசணக்கொல்லி ஊட்டினால் பலன் இராது. பைட்டோபிளாஸ்மாவுக்குப் பூசணக்கொல்லி என்ன செய்யும்? காய்ச்சலுக்குக் கண் சொட்டு மருந்து விட்ட கதைதான்.

படத்தில் காட்டும் மரத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். சாறு வடிந்த தழும்பு இருந்தால் அது வேறு நோய். அடிமரம் சுத்தமாக இருந்து, ஓலை மட்டும் விலா எலும்புபோல வளைந்திருந்தால் அது வேர் வாடல். சில படங்களில் அடிமரத்தையே காட்டுவதில்லை. அப்படிப்பட்ட படத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்யக் கூடாது.

முன்னும் பின்னும்

இனி, "இதோ பாருங்கள், மருந்துக்கு முன் இப்படி, மருந்துக்குப் பின் இப்படி" என்று காட்டும் படங்கள். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது என்று விவசாயிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

வேர் வாடல் நோய் மரத்தைச் சட்டென்று கொல்வதில்லை. மெல்ல மெல்ல நலிய வைக்கிறது. நலிந்த மரத்துக்குத் தண்ணீரும் உரமும் கிடைத்தால் தற்காலிகமாகப் பச்சை கட்டும். முதல் படம் சித்திரை, வைகாசி வெயிலில் எடுத்ததா என்று கேட்க வேண்டும். அடுத்த படம் ஆவணியில் எடுத்ததா என்றும் கேட்க வேண்டும். இடையில் தென்மேற்குப் பருவமழை பெய்திருக்கிறது. பொள்ளாச்சியில் ஆனிச் சாரல் பிடித்தால் நோயில்லாத மரமும்தான் பளபளக்கிறது. பாட்டில் ஊற்றச் சொன்னவர் கூடவே தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் போடச் சொல்லியிருப்பார். பாத்தி எடுத்துத் தண்ணீர் கட்டச் சொல்லியிருப்பார். மரம் தேறியது எதனால்? உரத்தாலா, மழையாலா, பாட்டிலாலா? படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெயர் மட்டும் பாட்டிலுக்குப் போய்விடுகிறது.

காய் கூடியது என்பார்கள். தென்னையில் பாளை வெடித்துக் காய் முற்றுவதற்கு ஏறக்குறைய 12 மாதம் ஆகும். 60 நாளில் பறித்த காய், மருந்து வைப்பதற்கு 10 மாதம் முன்பே பிடித்த காய். அது பாட்டிலுக்கு எப்படிக் கடன்பட்டிருக்கும்? தோப்புக்காரருக்குத் தெரியாத கணக்கல்ல இது. கையில் செல்போன் இருக்கும்போது மறந்து போகிறது, அவ்வளவுதான்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு, செலவும் குறைவு. நோய் ஆரம்பத்தில் இருக்கும் மரங்களில் ஒரே வயது, ஒரே நிலையில் 20 மரங்களைத் தேர்ந்து கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்ற வழக்கமான ஆண்டு அளவை ஆனி, ஆடியிலும் மார்கழி, தையிலும் இரண்டு தவணையாகப் பிரித்துப் போடலாம். மெக்னீசியம் சல்பேட் அரைக் கிலோவும் சேர்க்கலாம். தண்ணீர் ஒன்றுபோல. இதில் ஒன்றுவிட்டு ஒரு மரத்துக்கு மட்டும் அந்தப் பாட்டிலை வைத்து, சுண்ணாம்பால் அடையாளம் போட்டுவிட வேண்டும். ஓலை எத்தனை, குலை எத்தனை, குலைக்குக் காய் எத்தனை என்று நோட்டில் எழுதி, அடுத்த ஆண்டு அதே மாதம் எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பாட்டில் விற்பவரிடம் இப்படிச் சோதிக்கப்போவதாகச் சொல்லிப் பார்க்கலாம். மெய்யான சரக்கு வைத்திருப்பவர் மறுக்கமாட்டார். "ஒரு மரம்கூட விடாமல் வையுங்கள், இல்லையென்றால் பலன் இராது" என்று வற்புறுத்துகிறவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மரம் மிஞ்சாதல்லவா!

பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

நோயையோ பூச்சியையோ கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கும் மருந்து எதுவானாலும் 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்தியப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எந்தப் பயிருக்கு எந்த நோய்க்கு எவ்வளவு அளவு, விஷ முறிவு என்ன என்பவை சீட்டில் இருக்க வேண்டும். பயிர் வளர்ச்சி ஊக்கிகள் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டன. ஆனால் ஊக்கி என்பது வேறு, நோய் மருந்து என்பது வேறு. பாட்டிலின் மேல் "ஊக்கி" என்று அச்சடித்து, செல்போனில் மட்டும் "நோய் மருந்து" என்று பேசுகிற தந்திரம் நடக்கிறது. பேச்சை நிரூபிப்பதைவிட அச்சை நிரூபிப்பது எளிது என்பது விற்பவருக்குத் தெரியும். பில் கேட்டு, "வேர் வாடல் நோய்க்கு" என்று பில்லில் எழுதித் தரச் சொன்னால் எத்தனை பேர் எழுதுவார்கள் என்று பார்க்கலாம்.

கன்று விற்பனையிலும் இதே கதைதான். நோய்ப் பகுதிகளுக்கென்று கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா என்ற ரகங்களை மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டிருக்கிறது. இவை நோயை ஓரளவு எதிர்த்து நிற்கும் அல்லது தாங்கிக் காய்க்கும் ரகங்கள். "நோயே வராது" என்று எந்த விஞ்ஞானியும் எழுதிக் கொடுக்கவில்லை. செல்போனில் விற்கும் நாற்றுப் பண்ணைகள் "தாங்கும்" என்பதை "வராது" என்று மாற்றிவிடுகின்றன. ஒரு சொல்தான் மாறுகிறது. ஐந்து ஆண்டு காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டிய பொய் இது.

தேதி இல்லாத செய்தி

மெய்யாக இருந்து, பிறகு மெய்யல்லாமல் போன செய்தியும் உண்டு. தென்னைக்கு மோனோகுரோட்டோபாஸ் மருந்தை வேர் மூலம் ஊட்டுவது ஒரு காலத்தில் பல்கலைக்கழகமே சொன்ன முறை. கருந்தலைப் புழுவுக்குச் சொன்னார்கள். ஈரியோபிட் சிலந்தி வந்தபோதும் சொன்னார்கள். 2023-ல் மத்திய அரசு 36 சத மோனோகுரோட்டோபாஸ் திரவத்துக்குத் தடை ஆணை போட்டது. கையிருப்பை விற்பதற்குக் கொடுத்த அவகாசமும் முடிந்துவிட்டது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-லேயே தடுத்துவிட்டது. ஆனால் இணையத்தில் பழைய கட்டுரைகளும் படங்களும் அப்படியே கிடக்கின்றன. அவற்றில் சில நல்ல நிலையங்களின் பெயரிலேயே இருக்கின்றன. செய்தித்தாள் பழசானால் மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போய்விடும். செல்போனில் வரும் செய்திக்கு மூப்பு இல்லை. நேற்று எழுதியதுபோலவே கண்ணுக்குத் தெரிகிறது. எந்த ஆண்டு எழுதியது என்று தெரியாத மருந்துச் செய்தியைத் தோப்புக்குள் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. பல்கலைக்கழகமும் துறையும் தங்கள் பழைய பக்கங்களைத் துப்புரவு செய்ய வேண்டும் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அது விவசாயியின் வேலையல்ல.

கொங்கு நாடு பட்ட அடி

செல்போன் வந்த பிறகுதான் ஏமாற்றம் வந்தது என்று சொல்வதற்கில்லை. பெருந்துறையில் சுசி ஈமு பண்ணை நடந்த கதையை ஈரோடு மாவட்டம் மறந்திருக்காது. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஈமு குஞ்சுகள், கொட்டகை, தீவனம், போதாக்குறைக்கு மாதம் 6,000 ரூபாய் என்று சொன்னார்கள். சினிமா நடிகர்களை வைத்து டெலிவிஷனில் விளம்பரம் வந்தது. கறி யார் தின்பார்கள், எண்ணெய் யார் வாங்குவார்கள் என்ற கேள்வியைக் கேட்டவர் குறைவு. மாதப் பணம் தவறாமல் வருகிறது என்று முதலில் சேர்ந்தவர் சொன்னதே மற்றவருக்கு ஆதாரமாயிற்று. அவர் சொன்னது மெய். ஆனால் அந்தப் பணம் பறவை விற்று வந்ததல்ல, பின்னால் சேர்ந்தவர்கள் கட்டியது. 2012 ஆகஸ்டில் எல்லாம் குலைந்தது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டி வந்தது. நிறுவனருக்குக் கோவைச் சிறப்பு நீதிமன்றம் தண்டனை விதித்தது. தண்டனையால் போன பணம் முழுவதும் திரும்பிவிடுவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர் என்பதும் அவர் சொல்லும் செய்தி சரி என்பதும் ஒன்றல்ல. இதைச் சொல்லத்தான் ஈமுவை இங்கே இழுக்க வேண்டியதாயிற்று. இன்று தோப்புக் குழுக்களில் மாமனும் மச்சானும் அனுப்பும் படங்களுக்கும் இதே கணக்குத்தான்.

பொய்ச் செய்தி விவசாயியை வேறு வழியிலும் அடித்தது. 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி கிளம்பியது. மத்திய அரசின் கால்நடைத் துறை மறுத்தது. மறுப்புப் போய்ச் சேருவதற்குள் பல்லடம் வட்டாரத்தில் கறிக்கோழிக் கொள்முதல் விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே விழுந்துவிட்டது. நாமக்கல் முட்டையும் சரிந்தது. கொட்டகைக்குக் கடன் வாங்கியவர்கள் குஞ்சு இறக்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புரளியை மற்றவருக்குத் தள்ளிவிட்ட செல்போன்களில் விவசாய வீட்டுச் செல்போன்களும் இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வானொலிக்கு முகவரி இருந்தது

1960-களில் தஞ்சையில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வந்தது. வானொலி கேட்டுத்தான் விவசாயிகள் அந்த ரகத்தைப் பற்றி அறிந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் பேசியதை நம்பி நெல்லை மாற்றினார்களே, அது மட்டும் எப்படிச் சரியாயிற்று? பேசியவருக்குப் பெயர் இருந்தது. நிலையத்துக்கு முகவரி இருந்தது. தவறாகச் சொன்னால் கடிதம் போடலாம். ஆடுதுறைப் பண்ணைக்கே போய்ப் பயிரை நேரில் பார்க்கலாம். பேசியவர் விதை வியாபாரியும் அல்ல. செல்போன் என்பதற்காக ஒரு செய்தியைத் தள்ள வேண்டியதில்லை. பேசுகிறவர் யார், எங்கே இருக்கிறார், அவருக்கு இதில் என்ன வரும்படி என்று தெரியாதபோதுதான் தள்ள வேண்டும்.

வெள்ளை ஈ வந்தபோது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. ரசாயன மருந்து அடிக்காதீர்கள், என்கார்சியா என்னும் சிறு குளவி தானே வந்து ஈயைத் தின்னும், அதைக் கொன்றுவிடாதீர்கள், மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள், கரும்பூஞ்சைக்கு மைதாப் பசை தெளியுங்கள் என்று பல்கலைக்கழகம் சொன்னது. லிட்டருக்கு 25 கிராம் மைதா. விற்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆகவே அதைப் படம் பிடித்துப் பரப்ப ஆளும் குறைவு. மருந்துக்காரர் சொன்னதுதான் முதலில் தோப்புக்கு வந்து சேர்ந்தது.

இதில் துறையின் குறையும் உண்டு. பல ஊராட்சிகளுக்கு ஒரு உதவி அலுவலர் என்றால் அவர் எந்தத் தோப்புக்குப் போவார்? விவசாயி பகலில் தேடிய அலுவலர் கிடைக்கவில்லை, இரவில் தேடிய செல்போன் கிடைத்தது. அவரை ஏமாளி என்று பழிப்பதில் பயனில்லை. ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் தன் விஞ்ஞானிகளை அதே செல்போனில், பெயரும் தேதியும் போட்டு, பொள்ளாச்சித் தமிழில் வாரம் ஒருமுறை பேச வைத்தால் பாட்டில்காரர்களுக்கு வேலை குறையும்.

அதுவரை கேட்பதற்கு இடங்கள் இல்லாமல் இல்லை. கிசான் கால் சென்டர் 1800-180-1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இலவசமாகத் தமிழில் பேசலாம். காரமடையில் அவினாசிலிங்கம் வேளாண் அறிவியல் நிலையமும், கோபிச்செட்டிப்பாளையத்தில் மைராடா நிலையமும், நாமக்கல் கால்நடைக் கல்லூரி வளாகத்தில் ஒரு நிலையமும் இருக்கின்றன. தென்னைக்கு ஆழியாறு நகர் இருக்கிறது. போகும்போது செல்போனில் நான்கு படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது: முழு மரம், நடு ஓலை, ஒரு தனி இலை, அடிமரம். வந்த வைத்தியச் செய்தியையும் அழிக்காமல் கொண்டுபோய் விஞ்ஞானியிடம் காட்டலாம். அதில் நல்லது இருந்தால் அவரும் தெரிந்துகொள்ளட்டுமே.

நோய் முற்றி ஆண்டுக்கு 10 காய்க்கும் குறைவாகக் கொடுக்கும் மரத்தை எடுத்துவிடச் சொல்கிறார்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் மறுநடவுத் திட்டத்தில் வெட்டுவதற்கும் கன்று வைப்பதற்கும் மானியம் உண்டு. தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். தாத்தா வைத்த மரத்தை வெட்ட மனம் வராது. பாட்டில் விற்கிறவர் அந்த மனத்தைத்தான் விலைக்கு வாங்குகிறார். வெட்டுவதை அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவதற்கு ஒரு காரணம் தேடுகிறவருக்கு, 60 நாள் என்ற பேச்சு நல்ல காரணமாகக் கிடைக்கிறது. அந்த 60 நாளும் தத்துப்பூச்சி சும்மா இருப்பதில்லை.